மூன்று விரல் நுழையும் வாய்

அந்த யோசனை எனக்கு ஒரு குரோம் பூசிய கைப்பிடியில் கிடைத்தது.

எங்கள் தொழிற்சாலையில் வண்டிக் கதவுக்கான கைப்பிடி, மூடி, வளையம் என்று பளபளக்கிற சாமான்களாகச் செய்கிறோம். அவற்றில் கீறல் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று வெள்ளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு இதைத்தான் செய்கிறாயா என்று கேட்கிறவர்களுக்கு, ஓசூரில் டிப்ளமோ படித்த எல்லோரும் எதையாவது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது என் பதில். அன்று காலை ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தேன். அதன் வளைவில் என் முகம் தெரிந்தது. காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முண்டு. பல்லை அப்படிக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த வரிசை முழுக்க அதில் வந்து நின்றது. பாலிஷ் போடுகிறவரின் தாடையிலும் அதே முண்டு. பெட்டி கட்டும் அக்காவுக்கும் அதே. எங்கள் சூப்பர்வைசருக்கு இரண்டு பக்கமும். யாரோ ஒரே ஸ்பானரால் எல்லாருடைய தாடையையும் முறுக்கிவிட்ட மாதிரி இருந்தது. எதிரே சாமான்களைக் கொக்கியில் மாட்டுகிற நாட்றாம்பாளையத்து அண்ணன் மட்டும் வேறு மாதிரி இருந்தார். அவர் முகத்தில் முண்டு இல்லை. வாயே இல்லாதவர் போல உதடுகள் இறுகிக் கிடந்தன. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தினமும் ஷிப்ட் தொடங்குமுன் எங்களை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் எண்ணும். கை, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால். கழுத்தை இடமும் வலமும் திருப்புவதோடு மேலே போகிற வேலை முடிந்துவிடும். எங்களுக்குக் கழுத்துக்கு மேலே ஏதாவது இருக்கிறது என்ற தகவலே நிர்வாகத்துக்குப் போய்ச் சேரவில்லை போலும். அந்தக் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதுதான்: காலைப் பயிற்சியில் தாடைக்கும் ஒரு இடம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

தாடையைப் பற்றி எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்கிற அளவுக்கு வலித்துத் தெரிந்துகொண்டது. காலையில் எழும்போது காதுக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். கொட்டாவி விட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம். எல்லாரையும் போல நானும் முதலில் கைப்பேசியைத்தான் நம்பினேன். தூங்கி எழும்போதே உதட்டுச் சாயத்தோடு எழுகிற ஒரு பெண், முக யோகா என்று சொல்லி மீன் மாதிரி கன்னத்தை உறிஞ்சினாள், கூரையைப் பார்த்து முத்தம் கொடுத்தாள். இப்படிச் செய்தால் தாடை கத்தி மாதிரி ஆகும் என்றாள். தாடை எதற்குக் கத்தி மாதிரி ஆக வேண்டும், எதை நறுக்கப் போகிறோம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், அவள் மென்று காட்டிய ரப்பர் உருண்டையைத் தருவித்து, பாகலூரிலிருந்து கம்பெனி பஸ் கிளம்பியதிலிருந்து கேட் வரைக்கும் மென்றுகொண்டே போனேன். விளைவு, கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளத்தை ஊறவைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போனால் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார். உருண்டைக் கதையைக் கேட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றியே வைத்துவிட்டார்.

"ராத்திரி பூரா தூக்கத்துல பல்லை அரைக்கிற. அந்த மிஷினுக்கு பகல்ல வேற ஓவர்டைம் குடுக்கறியா? அதுக்கு வேணுங்கிறது ரெஸ்ட்டும்மா, எக்ஸ்ட்ரா வேலை இல்ல."

அப்புறம் என் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிமிர்த்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைக்கச் சொன்னார். நுழைந்தது.

"நுழையுதில்ல? தப்பிச்ச. இது நுழையாம வர்றவங்களத்தான் நான் சும்மா அனுப்ப மாட்டேன்."

அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சியில் பளபளப்பு எதுவும் இல்லை. உதடு மூடியிருக்க வேண்டும், பல்லும் பல்லும் தொடக்கூடாது, நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஓய்வாக இருக்க வேண்டும். வாய்க்கு அதுதான் சும்மா இருக்கிற நிலை. இவ்வளவு வயதுக்குப் பிறகு சும்மா இருப்பதை ஒருவர் சொல்லிக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். அடுத்து, நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமலே வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். காதோரத்துத் தசையை விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முகவாய்க்குக் கீழே கட்டை விரலைக் கொடுத்து லேசாகத் தடுத்துக்கொண்டு திறக்க வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான். தூங்கும்போது பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஒரு உறையும் கொடுத்தார்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று இதைச் செய்யும்போது அம்மா வந்து நிற்பாள்.

"என்னாத்துக்குடி தினம் இந்தக் கோணங்கி வேல? பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கி இப்படி ஒருவாட்டி செஞ்சி காட்டு. காப்பிய வெச்சிட்டு ஓடிருவான்."

"அதுக்குத்தாம்மா பழகறேன்."

பழகப் பழக 'டொக்' குறைந்தது. காலையில் காது காதாக இருந்தது. எனக்கு ஒன்று பலித்துவிட்டால் ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருக்க முடியாது. அது என் பிறவிக் குணம். அதனால் கைப்பிடியில் வரிசையாக முண்டுகளைப் பார்த்த அன்றே யோசனையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இங்கேதான் எங்கள் தொழிற்சாலைகளின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலாளி சொல்கிற ஆலோசனைக்கு எங்கள் பக்கத்தில் கைசன் என்று பெயர். ஜப்பானிலிருந்து வந்த சொல். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்துவது என்று அர்த்தமாம். எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது அது, இரண்டு போட்டோ ஒட்டுவது என்று ஆகிவிட்டது. இடப் பக்கம் 'முன்', வலப் பக்கம் 'பின்'. முன் போட்டோவில் எண்ணெய் கொட்டிக் கிடக்கும், பின் போட்டோவில் துடைத்திருக்கும். போட்டோ இல்லையென்றால் கைசன் இல்லை. துடைப்பத்தை ஆணியில் மாட்டியவருக்குப் பரிசு உண்டு, தாடை வலி போனவளுக்குக் கிடையாது, ஏனென்றால் வலி போட்டோவில் விழாது. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்தபடி ஒன்று, தளர்த்தியபடி ஒன்று என்று என்னையே எடுத்து ஒட்டிக் கொடுத்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் தூத்துக்குடிக்காரர். தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இதுல எது முன்ன, எது பின்ன? ரெண்டுலயும் சிடுசிடுன்னுல்லா இருக்க!"

அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எச்.ஆர். மேலாளர்தான் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் தணிக்கைக்கு வரவிருந்த சமயம் அது. அவர்கள் கேட்கிற கேள்விகளில் தொழிலாளர் நலம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கிறது. என் தாடை போய் அந்தக் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். தலையை எடுப்பதாக இருந்தாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் எடுப்பார்.

"அருமைங்க அம்மணி! இத நாம பெருசா பண்ணீரலாம். பெங்களூர்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாறேன்."

"சார், ஆளே வேணாம் சார். நானே சொல்லிக் குடுத்திருவேன். சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்த யாருங்க கவனிப்பாங்க?"

அந்த ஆள் வந்தார். காதில் மாட்டிய மைக்கோடு, உதிரி பாகங்கள் அடுக்கிய தட்டுகளுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை போட்டுக்கொண்டு, பளிச்சென்று ஒரு அம்மாள். "உங்க முகம்தான் உங்க பிராண்ட்!" என்று தொடங்கினார். பாலிஷ்காரர் பின்னாலிருந்து, "எங்க மூஞ்சிக்கு வாரண்டி முடிஞ்சிபோச்சி மேடம்" என்றார். அந்த அம்மாள் அதையும் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டு கை தட்டினார். மீன் வந்தது. கூரைக்கு முத்தம் வந்தது. ஓய்வு என்ற சொல் மட்டும் வரவே இல்லை. கடைசியில் சிங்கம். வாயை முடிந்தவரை அகலமாகத் திறந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு, 'ஹா' என்று கர்ஜிக்க வேண்டுமாம். 'டொக்' சத்தம் கேட்கிற தாடைக்கு அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. நான் கையைத் தூக்கினேன். அது அவர் கண்ணில் படவில்லை.

"எல்லாரும் பாயி தெகீரி, கைஸ்! வாயத் திறங்க! நல்லா! இன்னும் நல்லா!"

முன் வரிசை திறந்தது. பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டே திறந்தார்கள். பின் வரிசை ஆண்களில் பாதிப் பேர் திறக்கவில்லை. இரண்டு பேருக்கு அவசரமாக மூத்திரம் வந்தது. ஒருவர் தட்டுகளுக்குப் பின்னால் குனிந்து எதையோ துப்பினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பாக்கு. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிற, புகையிலை கலந்த பொட்டலம். இந்தப் பக்கம் அதற்குத் தடை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கி இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் இருக்கும்வரை ஓசூரில் எதற்கும் பஞ்சம் வராது. ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்கக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார்கள். உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது கம்பெனி விதி. கன்னத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை. நான் எழுதிக் கொடுத்த கைசன்தான் முதல் தடவையாகத் திறக்கச் சொன்னது.

எச்.ஆர். மேலாளரின் முகத்தில் அன்று பார்த்த மலர்ச்சியை எந்த முக யோகாவும் கொடுக்க முடியாது. மறுநாள் காலைப் பயிற்சியில் கை, தோள், இடுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தது. கடைசியில் "சிங்கம்" என்று ஒலிபெருக்கி சொன்னதும், வரிசைக்கு நடுவே காவலாளி டார்ச்சோடு நடந்து வந்தார். ஒவ்வொரு வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஆட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வாங்குகிறவன் கூட ஆட்டின் முகவாயை ஆதரவாகப் பிடித்துக்கொள்வான். குந்தாரப்பள்ளிச் சந்தையில் நான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த மரியாதைகூட இல்லை.

நாட்றாம்பாளையத்து அண்ணன் வாய் திறக்கவில்லை. திறந்தார், ஆனால் அது திறந்ததாகவே தெரியவில்லை.

"தெகியப்பா! நல்லா தெகி!" என்று கன்னடத்தில் அதட்டினார் காவலாளி.

"அவ்ளோதாங்க தொறக்கும்."

"என்ன மறைக்கற உள்ள?"

"ஒண்ணுமில்லைங்க. அவ்ளோதாங்க."

மறுபடியும் அடுத்த நாள் அதே. அதற்கடுத்த நாள் கைசன் பலகையில் என் தாள் பெரிதாக அச்சடிக்கப்பட்டுத் தொங்கியது. தலைப்பு மாறிவிட்டிருந்தது: 'பொட்டலம் இல்லாத வரிசை'. என் பெயர் இருந்தது. என் போட்டோ இல்லை. 'முன்' என்ற கட்டத்தில், டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதடு பாதி பிரிந்து நிற்கிற அண்ணனின் முகம். கீழே 'ஒத்துழைக்காதவர்' என்று இருந்தது. 'பின்' கட்டத்தில் வேறு யாரோ ஒருவரின் வாய், தொண்டை வரைக்கும் திறந்து.

கேன்டீன் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைக் கடந்துதான் போக வேண்டும்.

அன்று மதியம் நான் வேண்டுமென்றே அவருக்கு எதிரே தட்டை வைத்தேன். எவ்வளவோ காலமாக எதிரெதிரே வேலை செய்கிறோம், அவர் சாப்பிட்டு நான் கவனித்ததில்லை. சாம்பாரை ஒதுக்கிவிட்டார். ஊறுகாயைத் தொடவில்லை. தயிர்ச் சோற்றைக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி விரல் நுனியில் எடுத்து, பல்லிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார்.

"அண்ணா, சாம்பார் ஏன் வேணாம்?"

"எரியும் மேடம்."

"எவ்ளோ நாளா?"

"அது கெடக்குது உடுங்க. என் போட்டோவ தொங்கவிட்டுட்டு இப்ப சாப்பாடு விசாரிக்கறீங்களா?"

நான் செய்யவில்லை என்று சொல்லலாம். பலகையில் என் பெயர்தானே இருந்தது. என் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைத்துக் காட்டினேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் போனார். பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முயன்றார். மூன்றாவது விரல் நுழையவில்லை. இரண்டாவது பாதியிலேயே நின்றது.

"எம்பொண்ணு பொறந்ததுல இருந்து பாக்கு போடறதில்லைங்க மேடம். சத்தியமா. விட்டுட்டா தன்னால தொறந்துக்கும்னு பாத்தன். தொறக்கவே மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவர் குரலும் இறங்கிவிட்டது.

"போயி, அவங்க கெட்ட வியாதின்னு சொல்லிட்டா?"

வேலை போய்விடும் என்றும், தன்னை இங்கே வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரன் வேறு ஆளை அனுப்பிவிடுவான் என்றும் அப்புறம் சொன்னார். அவையெல்லாம் நிஜம்தான். ஆனால் முதலில் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பாக்கு போடுகிறவர்களுக்கு வாய்க்குள் சதை மெல்ல மெல்ல இறுகும், நார் நாராகக் கயிறு மாதிரி ஆகும், எரிச்சல் வரும், வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும், அதில் சிலருக்குத்தான் அண்ணன் பயப்படுகிற புற்றுநோயாக மாறும், அதனால்தான் தள்ளிப் போடக் கூடாது என்றார். "பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கூட்டிட்டு வா. பயிற்சி இருக்கு, மருந்து இருக்கு, எல்லாம் அப்புறம். முதல்ல நாற்காலில உக்கார வை."

அடுத்து எச்.ஆர். அறைக்குப் போனேன். போட்டோவை எடுக்க வேண்டும், டார்ச்சை நிறுத்த வேண்டும், அவர் மறைக்கவில்லை, அவரால் திறக்க முடியவில்லை என்றேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். கேட்பது அவருக்குப் பிடிக்கும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதில் தனிப் பயிற்சி எடுத்தவர்.

"நீங்க குடுத்தது நல்ல ஐடியாங்க அம்மணி. நாங்க அதக் கொஞ்சம் விரிவாக்கியிருக்கோம், அவ்ளோதான். ஆமா, இந்த மாசக் கைசன் பரிசு உங்களுக்குத்தானுங்க. பிளான்ட் ஹெட் கையால!"

பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் யார் எதைச் சாதித்தாலும் ஹாட் பாக்ஸ்தான். கல்யாணச் சீர் வரிசை போல வீடு வீடாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வர நினைத்தேன். அப்புறம், பரிசு கொடுக்கும்போது மைக்கையும் கொடுப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

கொடுத்தார்கள். "எங்கே, உங்க பயிற்சி ஒண்ணு செய்து காட்டுங்க" என்றார் பிளான்ட் ஹெட். நல்ல மனிதர்தான், தன் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்பதைப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர். நான் சிங்கம் செய்யவில்லை.

"எல்லாரும் மூணு விரல அடுக்குங்க. நிமித்திப் பிடிங்க. முன்பல்லுக்கு நடுவுல வைங்க."

சிரிப்பு கிளம்பியது. எங்கள் சூப்பர்வைசர்தான் முதலில் வைத்தார். "ஏல, வைங்கல! மைக்குல சொல்லுதால்ல!" என்று அவர் வாயில் விரல்களோடு பேசியது யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் வைத்தார்கள். பிளான்ட் ஹெட்டும் வைத்தார். எச்.ஆர். மேலாளருக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே தூண் பக்கம் போய்விட்டார்.

மேடையிலிருந்து பார்க்கும்போது தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்த பின் வரிசையில் அங்கங்கே சில கைகள் சத்தமில்லாமல் கீழே இறங்கின. அண்ணன் ஒருவர் மட்டும் இல்லை. நான் நினைத்ததைவிட அதிகம். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"போகலைன்னா என்ன?" என்று பிளான்ட் ஹெட் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"போகலைன்னா டாக்டரப் பாக்கணும் சார். திட்டு வாங்கறதுக்கு இல்ல. உள்ள சதை இறுகிப்போனவங்களால திறக்க முடியாது. அவங்களத்தான் நாம ஒத்துழைக்காதவர்னு எழுதி ஒட்டியிருக்கோம்."

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். "அந்தப் போட்டோவ எடுத்துருங்க" என்றார். எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஹாட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கை அண்ணத்தில் ஓய்வாக வைத்தபடி, வெற்றி பெற்றவளாக வீட்டுக்குப் போனேன்.

அந்த வெற்றியின் ஆயுள் விடியும் வரைக்கும்தான். மறுநாள் பலகையில் 'பின்' கட்டத்துக்குப் புதுப் போட்டோ வந்திருந்தது: மொத்த ஷிப்டும் வாயில் விரலோடு. வரிசையில் டார்ச் இல்லை. காவலாளி இருந்தார். இப்போது அவர் ஒவ்வொருவரும் எத்தனை விரல் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றுக்குக் குறைந்தவர்கள் உடல் தகுதிச் சான்று கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டதாம். நோயாளியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொன்னால், அதை ஆளைக் கழிக்கிற வழியாக மாற்ற எங்கள் ஆட்களுக்கு ஒரு ராத்திரி போதும். கீறல் விழுந்த கைப்பிடியை நான் சிவப்புப் பெட்டியில் போடுவதில்லையா, அதே மாதிரி.

அண்ணன் டீ இடைவேளையில் வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"மொதல்ல டார்ச்சு. இப்ப வெரலு. அடுத்தது என்னா மேடம், ஸ்கேலா?"

கையிலிருந்த கைப்பிடியை மேசையில் வைத்தேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் செய்யறீங்க. தெரியுது. ஆனா உள்ள ஒண்ணும் செய்யாதீங்க. கையெடுத்துக் கும்புடறன். நீங்க என்னா செஞ்சாலும் அவங்க வேற எதையோ செஞ்சிடறாங்க."

"சரிண்ணா. உள்ள செய்யல. வெளிய?"

"வெளியன்னா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பேக்கரி இருக்கு. அதுக்கு மேல டாக்டர். கம்பெனிக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரனுக்குத் தெரியாது. நான் கீழயே நிக்கறேன். சான்றுக்காக இல்லண்ணா. உங்க பொண்ணுக்குச் சோறு ஊட்டறப்ப நீங்களும் ஒரு வாய் சாப்பிடணும்ல, அதுக்கு."

அவர் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறிய பிறகுதான் அவரால் குடிக்க முடியும். அதையும் அன்றுதான் கவனித்தேன்.

"கெட்டதுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா, சீக்கிரமா சொன்னாங்கன்னு வெச்சிக்கலாம். சொல்லலைன்னா சாம்பார் ஊத்திக்கலாம்."

"வீட்டுல சொல்லாதீங்க."

"உங்க வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுண்ணா."

"நாட்றாம்பாளையம்னு ஊருக்கே தெரியுமே" என்றார். அந்த இறுகின உதடு ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டது. அவருக்கு அதுதான் சிரிப்பு என்று இப்போது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அவர் ஊருக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்செட்டி வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டேன். வாய் திறப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதற்கு, ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிற பயிற்சி ஒன்று உண்டாம். குச்சியைச் சேர்த்து வை, ஆனால் நான் பார்க்கிறவரை அவர் கையில் கொடுக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பேக்கரிக்காரரிடம் ஒரு கட்டு கேட்டு வாங்கி, பரிசு ஹாட் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மா திறந்து பார்த்துவிட்டு, கைசன் என்றால் இதுதானா என்று கேட்டாள்.

மேடையிலிருந்து பார்த்தபோது இறங்கின மற்றக் கைகளும் எனக்கு நினைவிருக்கின்றன. அவர்களிடம் ஒவ்வொருவராக, கேட்டுக்கு வெளியே, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேச வேண்டும். இதை எந்தத் தாளிலும் எழுதுவதாக இல்லை. முன், பின் என்று போட்டோ எடுப்பதாகவும் இல்லை. எச்.ஆர். மேலாளரிடமும் ஒரு நாள் மூன்று விரலைக் காட்டிக் கேட்கத்தான் போகிறேன், அவருக்குப் போன் வராத நேரமாகப் பார்த்து. ஆனால் அது பிறகு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிக்கட்டில் ஒருவரை மேலே ஏற்ற வேண்டும். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கவில்லையென்றால், நான் அஞ்செட்டி பஸ்ஸில் ஏறுவதாக இருக்கிறேன்.